பாடம் தேடுகிறவர்களும் லைனஸின் போர்வையும்

1

அமெரிக்காவில் டிசம்பர் பிறந்தால் ஒரு வகை எழுத்து பெருகிவிடுகிறது. குழந்தைகளுக்கென்று எடுக்கப்பட்ட கிறிஸ்துமஸ் படம் ஒன்றை எடுத்துக்கொள்வது; அதிலிருந்து விசுவாசத்தைப் பற்றி ஐந்து பாடங்களோ ஏழு பாடங்களோ பிரித்தெடுத்து வரிசையாகத் தருவது. சபைப் பத்திரிகைகளில் இது வரும். பிரசங்க மேடையிலிருந்து வரும். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான கையேடுகளில் வரும். அமைப்பு எப்போதும் ஒன்றுதான்: கதை நாலு வரி, காட்சி ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு வேத வசனத்தின் எண், கடைசியில் வாசகனின் வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்வி. ரயில் என்றால் கிருபை. டிக்கட் என்றால் இரட்சிப்பு. கண்டக்டர் என்றால் வழிநடத்தும் ஆவி.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்வது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம். ஆனால் நம் வீட்டிலும் இதே பழக்கம்தான் நெடுங்காலமாக நடமாடிக்கொண்டிருக்கிறது. "இந்தக் கதையின் கருத்து என்ன?" என்று முற்போக்கு முகாமில் கேட்கப்படும் கேள்வியும், "இதனால் அறியப்படும் நீதி யாது?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்கப்படும் கேள்வியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் படைப்பு ஒரு தபால் உறை. உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டபின் உறையைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

மறைபொருள் காண்பதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. வைஷ்ணவ வியாக்கியானகாரர்கள் ஸ்வாபதேசம் சொன்னார்கள். நாயகி தூதுவிடும் பறவை ஆசார்யன் ஆனது. ஆனால் பறவையைப் பறவையாக, பிரிவைப் பிரிவாக, பாட்டின் சொல் சொல்லாக ருசித்தும் எழுதியவர்கள் அவர்கள். ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டபோது, பன்யனைப் பின்பற்றி, மறைபொருளைத் தாமே உள்ளே வைத்து, சாவியையும் வாசகன் கையில் கொடுத்துவிட்டார். அங்கே பாத்திரத்தின் பெயரே அதன் பொருள். அது ஒரு நேர்மையான ஒப்பந்தம். டிசம்பர் மாதத்துப் பாடக்காரர் செய்வது இந்த இரண்டும் இல்லை. வெளிப்பொருளில் அவர் தங்குவதில்லை. ஆசிரியன் வைக்காத சாவியைத் தாமே அடித்துக்கொண்டு வருகிறார்.

எனக்கு விசுவாசம் என்ற ஒன்று இல்லை. எனவே அவர்கள் மதத்தில் எனக்கென்ன வேலை என்று கேட்கலாம். நான் பேசவந்தது, ஒரு படத்தில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி. இது விமர்சனப் பிரச்னை. இதற்காக இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றில் நம்பிக்கை என்ற வார்த்தை டிக்கட்டிலேயே துளையிட்டு எழுதப்பட்டிருக்கிறது. மற்றதில் லூக்கா சுவிசேஷம் வாய்விட்டு ஒப்பிக்கப்படுகிறது. பாடக்காரர்கள் இரண்டையும் கையாண்டிருக்கிறார்கள். முதலாவதில் இல்லாததைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் இருப்பது தொடங்கும் முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

2

முதல் படம் 'தி போலார் எக்ஸ்பிரஸ்'. ராபர்ட் ஸெமெக்கிஸ் 2004-ல் எடுத்தது. நடிகர்களின் உடலசைவுகளைக் கம்ப்யூட்டரில் பிடித்து அதன்மேல் உருவங்களைப் போர்த்தும் முறையில் முழுக்க முழுக்கத் தயாரான முதல் பெரும்படம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் ஒரு சிறுவன் தூங்காமல் கிடக்கிறான். கிறிஸ்துமஸ் தாத்தா உண்டா என்று அவனுக்குச் சந்தேகம். கலைக்களஞ்சியத்தை எடுத்து வடதுருவத்தைப் பார்க்கிறான். உயிர்கள் வாழாத இடம் என்று போட்டிருக்கிறது. நடுராத்திரி நெருங்கும்போது வீட்டு வாசலில் ஒரு நீராவி ரயில் வந்து நிற்கிறது. ஏறுகிறான். வடதுருவம் போகிறான். தாத்தாவின் வண்டியிலிருந்து அறுந்து விழுந்த மணி ஒன்று அவன் கைக்கு வருகிறது. அதை ஆட்டுகிறான், சத்தம் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன், நம்புகிறேன் என்கிறான். மறுபடி ஆட்டினால் மணி கேட்கிறது. மணியின் பளபளப்பில் தாத்தாவின் முகமும் தெரிகிறது.

பாடக்காரருக்கு வேறென்ன வேண்டும்? காணாதவற்றைப் பற்றிய நிச்சயமே விசுவாசம் என்று பேசும் எபிரேயர் நிருபத்தின் 11-ம் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துவிடலாம். உலகத்தில் மிக உண்மையானவை சில சமயம் கண்ணுக்குத் தெரியாதவை என்று கண்டக்டரும் சொல்லிவைக்கிறார். நம்பியபின் காண்பது என்கிற வரிசைகூடச் சரியாக இருக்கிறது. சந்தேகச் சிறுவனைத் தோமா என்று சொல்லிவிடலாம்.

படத்தைப் பார்த்தால் விஷயம் வேறு. அந்தச் சிறுவன் கண்ணை மூடும்போது எங்கே நிற்கிறான்? வடதுருவத்தில். ரயில் அவன் வாசலுக்கு வந்தாகிவிட்டது. கலைக்களஞ்சியம் பொய்த்தாகிவிட்டது. சுற்றிலும் ஆயிரக்கணக்கில் குள்ளர்கள் ஆடிப்பாடுகிறார்கள். வண்டி தயாராக நிற்கிறது. நம்புவதற்கு மீதி என்ன இருக்கிறது? ஆள் ஒருவன் வந்து நிற்பது ஒன்றுதான் பாக்கி. நிரூபணங்களை மலைபோலக் குவித்துவிட்டுக் கடைசிச் சம்பிரதாயமாக நம்பிக்கையைக் கேட்கிறது படம். எபிரேயர் நிருபம் சொல்லும் நிலைமைக்கு இது நேர் எதிர். அங்கே பட்டியலிடப்படுகிறவர்கள் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே செத்துப்போகிறவர்கள்.

தோமாவும் பொருந்தவில்லை. யோவான் எழுதியதில் தோமா பார்க்கக் கேட்டது மகிமையை அல்ல, காயத்தை. ஆணி பாய்ந்த இடத்தில் விரலை வைக்கவேண்டும் என்றான். கிறிஸ்துமஸ் தாத்தாவின் உடம்பில் காயம் கிடையாது. இருக்கவும் முடியாது. அவர் தருகிறவர் மட்டும். அவரிடமிருந்து யாரும் எதையும் பறித்ததில்லை.

இன்னொரு விஷயம். கிரிஸ் வான் ஆல்ஸ்பர்க்கின் மூலப் புத்தகம் 1985-ல் வந்தது. அதில் இந்தச் சந்தேகமே இல்லை. தாத்தா கிடையாது என்று சொன்னவன் வேறொரு சிநேகிதன். சிறுவனுக்கு அவன் சொன்னது தப்பு என்று தெரியும். மணியோசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். புத்தகத்தின் கனம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: வருஷங்கள் போகப்போக நண்பர்களுக்கும் தங்கைக்கும் மணி கேட்காமல் போகிறது. அது குழந்தைப்பருவம் கழன்றுவிழுவதைப் பற்றிய துக்கம். அடங்கிய குரலில் சொல்லப்பட்ட துக்கம். படம் இதன்மேல் ஒரு சந்தேகத்தைத் தயாரித்து வைக்கிறது. பிறகு அதைத் தீர்த்து வைக்கிறது. நோயும் மருந்தும் ஒரே கடைச் சரக்கு. சந்தேகத்துக்கென்று ரயில் கூரைமேல் ஒரு நாடோடியையும் படம் சேர்த்துக்கொண்டது. அந்த நாடோடி, கண்டக்டர், சிறுவனின் தகப்பன், ஸ்க்ரூஜ் பொம்மை, தாத்தா எல்லாருமே டாம் ஹாங்க்ஸ். சிறுவனின் உடலசைவிலும் பெரும்பகுதி அவருடையது. சந்தேகிப்பவனும் சந்தேகம் தீர்ப்பவனும் ஒரே ஆள் என்றாகிவிட்ட பிறகு அங்கே உரையாடல் எப்படி நிகழும்? ஒரு மனிதன் தன்னோடு தானே பேசித் தன்னைச் சம்மதிக்க வைத்துக்கொள்வதைத்தான் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் பார்க்கிறோம். அந்த முகங்களின் கண்கள் செத்துக்கிடக்கின்றன என்று வெளிவந்த நாளிலேயே பலர் சொன்னார்கள். குறை தொழில்நுட்பத்தோடு நிற்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தக் கண்களுக்கு எதிரே இன்னொரு ஆள் இல்லை.

படத்தில் ஒரே ஒரு இடம் உண்மையானது. ஊரின் ஏழைப் பகுதியில் ஏறும் பில்லி என்ற பையன். அவனுக்குக் கிறிஸ்துமஸ் எந்த வருஷமும் சரியாக அமைந்ததில்லை. முதலில் ஏறத் தயங்கி, பிறகு ஓடி வருகிறான்; கதாநாயகச் சிறுவன் அபாயச் சங்கிலியை இழுத்து ரயிலை நிறுத்துகிறான். பில்லி கடைசிப் பெட்டியில் தனியாக உட்காருகிறான். எல்லாருக்கும் சாக்லேட் பானம் வந்தபோது அவனை மறந்துவிட்டார்கள். ஒரு சிறுமி தனக்கு வந்த கோப்பையை ஸீட்டுக்கடியில் ஒளித்துவைத்து அவனுக்கு எடுத்துப் போகிறாள். இங்கே யாரும் எதையும் நம்பச் சொல்லவில்லை. ஒரு கோப்பை கைமாறுகிறது, அவ்வளவுதான். சுவிசேஷத்துக்கு இந்தப் படம் மிகவும் நெருங்கிவரும் இடம் இதுதான். இதிலேயே தங்கப் படத்துக்குப் பொறுமை இல்லை. பில்லியின் வறுமை ஒரு பரிசுப் பொட்டலத்தால் தீர்த்துவைக்கப்படுகிறது.

இதெல்லாம் ரஸனை பற்றிய சண்டை என்று விட்டுவிடலாம். என்னால் விடமுடியாததற்குக் காரணம் அந்த மணி. நம்புகிறவனுக்குக் கேட்கும், மற்றவனுக்குக் கேட்காது என்பது விதி. கேட்கவில்லை என்றால் கோளாறு மணியில் இல்லை, உன்னில். என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் - பெயர் வேண்டாம் - தாயார் நோயில் கிடந்த மாதங்களில் ராத்திரி ராத்திரியாக ஜெபம் பண்ணினான். தாயார் போய்விட்டாள். விசுவாசத்தோடு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று பெரியவர் ஒருவர் அவனிடம் சொன்னார். சொன்னவர் கெட்டவர் இல்லை, ஆறுதலாகவே சொன்னார். அவன் அதை ஆறுதலாகக் கேட்கவில்லை. தன்னிடம் என்ன குறைந்தது என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தான். வெகுகாலம் அந்தக் கணக்கு அவனுக்கு முடியவில்லை. ஒரு படத்திலிருந்து குழந்தைக்குப் பாடம் எடுத்துக்கொடுக்கும்போது, வகுப்பில் மணி கேட்காத குழந்தையும் உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பு வேண்டும். மாற்கு 9-ம் அதிகாரத்தில் நோயுற்ற மகனைக் கொண்டுவரும் தகப்பன், நம்புவதாகவும் தன் அவநம்பிக்கைக்கு உதவவேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறான். இயேசு அவனிடம் சதவிகிதம் கேட்கவில்லை. பையன் எழுந்து நிற்கிறான்.

3

இரண்டாவது படம் இதற்கு 39 வருஷம் மூத்தது. 'சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்'. 1965 டிசம்பர் 9 இரவு ஸி.பி.எஸ். டெலிவிஷனில் முதலில் வந்தது. அரைமணி நேரத்துக்கும் குறைவான சித்திரப் படம். 1950-லிருந்து பத்திரிகைகளில் 'பீனட்ஸ்' என்ற பெயரில் வந்துகொண்டிருந்த சித்திரத் தொடரை வரைந்த சார்ல்ஸ் ஷுல்ஸ் எழுதியது. இயக்கியவர் பில் மெலெண்டெஸ்; தயாரித்தவர் லீ மெண்டல்சன்; இசை வின்ஸ் குவரால்டியின் ஜாஸ். பணம் கொடுத்தது கோகோ கோலா கம்பெனி.

முடிந்த படத்தைப் பார்த்த ஸி.பி.எஸ். அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப மெதுவாகப் போகிறது. கிறிஸ்துமஸுக்கு ஜாஸ் எதற்கு? பின்னணியில் சிரிப்பொலி இல்லை. பெரியவர்கள் குழந்தைக் குரலில் பேசுவதற்குப் பதிலாக நிஜக் குழந்தைகளே பேசியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது; ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள். பேச்சில் இடறல்கள் உண்டு. வாக்கியத்தின் நடுவே காரணமில்லாத இடைவெளி விழுகிறது. அதிகாரிகள் குறையாகக் கண்டவை எல்லாமே படத்தின் உயிர். சொல்வதன் பொருளை முழுக்க அறியாத குரல்கள் பெரிய விஷயங்களைச் சொல்கின்றன. நடிப்பு ஏறாத குரலுக்கு என்ன பலம் உண்டு என்பதைப் பிரெஸ்ஸோன் தத்துவமாகவே வைத்திருந்தார். இவர்களுக்கு அது பாதி தற்செயலாக வந்தது. தற்செயலாக வந்ததைத் திருத்தாமல் விட்டது கலைஞர்களின் தெளிவு.

கதை என்று பெரிதாக இல்லை. பனி உறைந்த குளத்தில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். சார்லி பிரவுன் லைனஸோடு மதிலில் சாய்ந்துகொண்டு, கிறிஸ்துமஸ் வருகிறது, எனக்கு மட்டும் சந்தோஷமாக இல்லை என்கிறான். தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறான். ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை. ஐந்து ஸெண்டுக்கு மனோவைத்தியம் பார்க்கும் லூஸியிடம் போகிறான். உனக்கு எதன்மேல் பயம் என்று அவள் ஒவ்வொரு பயமாகப் பெயர் சொல்லிக்கொண்டு வருகிறாள். எல்லாவற்றின்மேலும் பயம் என்ற வியாதியின் பெயர் வந்ததும், அதுதான் என்று கத்துகிறான். லூஸிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வேண்டியது நிலபுலம். அவன் தங்கை ஸாலிக்குப் பத்து டாலர், இருபது டாலர் நோட்டுகளாக வந்தால் தேவலை. அவன் நாய் ஸ்னூபி, விளக்கு அலங்காரப் போட்டிக்காகத் தன் கூண்டை ஜோடித்துக்கொண்டிருக்கிறது. சார்லி பிரவுனைக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இயக்குநராகப் போடுகிறார்கள். யாரும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. நாடகத்துக்குப் பெரிய அலுமினிய மரம் ஒன்று வாங்கி வா என்று அனுப்புகிறார்கள். உலோக மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் இருந்த ஒரே நிஜ மரத்தை, ஊசியிலை உதிர்ந்துகொண்டிருக்கும் நோஞ்சான் கன்றை, வாங்கி வருகிறான். எல்லாரும் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று தெரிந்தவர் யாருமே இல்லையா என்று கூச்சலிடுகிறான்.

லைனஸ் எனக்குத் தெரியும் என்கிறான். மேடை நடுவில் போய் நின்று விளக்கு கேட்கிறான். ஒற்றை ஒளிவட்டத்தில் நின்று லூக்கா 2-ம் அதிகாரத்தின் 8-லிருந்து 14 வரையிலான வசனங்களை ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஒப்பிக்கிறான். மேய்ப்பர்கள், தேவதூதன், துணிகளில் சுற்றிய பாலகன். இசை இல்லை. படத்தில் இந்த இடம் வேண்டாம் என்று கூட இருந்தவர்கள் தயங்கினார்கள். நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள் என்கிற மாதிரி ஷுல்ஸ் பதில் சொன்னதாக மெண்டல்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றிரவு டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் இதைப் பார்த்தார்கள். மறுவருஷம் எம்மி பரிசு கிடைத்தது.

4

பாடக்காரர்களுக்கு இந்த ஒரு நிமிஷம் போதும். அவர்கள் எழுதியவற்றில் ஒன்று நுட்பமானது, மரியாதையோடு சொல்லவேண்டும். லைனஸ் எப்போதும் ஒரு போர்வையை விடாமல் பிடித்திருப்பவன். விரலைச் சூப்பிக்கொண்டு போர்வையைக் கன்னத்தோடு அணைத்திருப்பதுதான் அவன் அடையாளம். ஒப்பிக்கும்போது, அஞ்சவேண்டாம் என்று தூதன் சொல்லும் இடத்தில் அந்தப் போர்வை அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுகிறது. பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்த சலனம் இது. கிறிஸ்து வந்தால் பயம் விழும். நம் பொய்ப் பாதுகாப்புகளை நாம் விட்டுவிடலாம்: இதுதான் அவர்கள் எடுத்த பாடம். இருப்பதைக் கண்ணால் பார்த்து எடுத்தது என்பதால் மற்றப் பாடங்களைவிட இது உயர்ந்தது.

ஆனால் படம் அத்தோடு நிற்கவில்லை. ஒப்பித்து முடித்ததும் லைனஸ் குனிந்து போர்வையை எடுத்துக்கொள்கிறான். எடுத்துக்கொண்டுதான் சார்லி பிரவுனிடம் வந்து, இதுதான் கிறிஸ்துமஸ் என்கிறான். பாடக்காரர் இதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பார்த்தால் பாடம் கெட்டுவிடும். பயம் விழுந்தது. ஒரு நிமிஷம் விழுந்துதான் கிடந்தது. பிறகு பையன் அதை எடுத்துக்கொண்டான், ஏனென்றால் அவன் பையன், வெளியே குளிர், நாளைக்கும் வாழவேண்டும். நான் அறிந்த நேர்மையான விசுவாசிகள் எல்லாரும் போர்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்கள்தான். ஷுல்ஸ் இதைத் திட்டமிட்டாரா, மெலெண்டெஸின் ஆட்கள் வரைகிற வசதிக்காகச் செய்தார்களா என்பது முக்கியமில்லை. படத்தில் அது நடக்கிறது.

அடுத்து நடப்பதைப் பாருங்கள். வசனத்தைக் கேட்ட குழந்தைகள் யாரும் மனந்திரும்பியதாகச் சொல்வதில்லை. மௌனம். சார்லி பிரவுன் மரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். தலைக்குமேல் நட்சத்திரங்கள். லைனஸின் குரல் இன்னும் அவன் காதில் இருக்கிறது. தைரியம் வருகிறது, இந்த மரத்தை ஜோடித்துக் காட்டுகிறேன் என்கிறான். போகிற வழியில் நாயின் கூண்டு முதல் பரிசு வாங்கியிருப்பதைப் பார்க்கிறான். அதிலிருந்து ஒரே ஒரு சிவப்பு உருண்டையை எடுத்து மரத்தின் நுனியில் மாட்டுகிறான். மரம் அப்படியே வளைந்து தலைகுப்புறக் கவிழ்ந்துவிடுகிறது. கொன்றுவிட்டேன், நான் தொட்டது எல்லாம் நாசம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

சுவிசேஷம் வாசித்தாகிவிட்டது. கேட்டவனுக்கு உள்ளுக்குள் பிரகாசமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தோல்வி, முன்னைவிடப் பெரிய தோல்வி. பிரசாரப் படம் எடுக்கிறவன் எவனும் இந்தக் காட்சியை இந்த இடத்தில் வைக்கமாட்டான். வசனம் மந்திரமாக வேலை செய்யவில்லை என்று ஒத்துக்கொள்ளும் தைரியம் இந்தப் படத்துக்கு இருக்கிறது.

பிறகு மற்றவர்கள் வருகிறார்கள். சார்லி பிரவுன் அங்கே இல்லை. அவர்கள் வந்தது பாராட்டு வாங்க அல்ல. பார்க்க ஆளே இல்லை. லைனஸ் மரத்தை நிமிர்த்துகிறான். அது ஒன்றும் அவ்வளவு மோசமான மரமில்லை என்கிறான். தன் போர்வையை எடுத்து அதன் அடியில் சுற்றிவிடுகிறான். போர்வையின் மூன்றாவது சலனம் இது. முதலில் விழுந்தது, பிறகு எடுத்துக்கொள்ளப்பட்டது, இப்போது கொடுக்கப்பட்டது. விட்டுவிட முடியாத ஒன்றை இன்னொன்றின் குளிருக்காகக் கொடுக்கமுடிகிறது. தூதனின் வார்த்தையால் நிரந்தரமாக விழாத போர்வை, ஒரு நோஞ்சான் கன்றுக்காகக் கையைவிட்டுப் போகிறது. துணியில் சுற்றிக் கிடத்தப்பட்ட பாலகனைப் பற்றிச் சற்றுமுன் ஒப்பித்த அதே பையன்தான் இப்போது மரத்துக்குத் துணி சுற்றுகிறான். படம் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. நானும் இதைப் பாடமாக்க விரும்பவில்லை. சும்மா பார்த்தால் போதும்.

அலங்காரப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் முக்கியம். நாயின் பரிசு பெற்ற கூண்டிலிருந்து. எதை வியாபாரக் கிறிஸ்துமஸ் என்று படம் முழுக்கக் கேலி செய்தார்களோ, அதிலிருந்தே உருவிக்கொண்டுவந்து மரத்துக்கு மாட்டுகிறார்கள். வியாபாரத்தை ஒதுக்கிப் புனிதத்துக்கு வா என்பது பாடக்காரரின் சூத்திரம். படத்தில் அப்படிச் சுத்தமான இரண்டு உலகங்கள் கிடையாது. கோகோ கோலா பணத்தில் எடுத்த படத்துக்கு அது தெரிந்திருக்கிறது. முதல் ஒளிபரப்பில் அந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகை படத்துக்குள்ளேயே இருந்தது, பின்னால் வெட்டிவிட்டார்கள். அதே விளக்குகள், அதே உருண்டைகள். யாருக்காகத் தொங்குகின்றன என்பது மட்டும் மாறியிருக்கிறது.

குழந்தைகள் முதலில் வார்த்தை இல்லாமல் ராகத்தை மட்டும் முனகுகிறார்கள். சார்ல்ஸ் வெஸ்லியின் பழைய கீதம். பொருள் அதே தேவதூதர்கள்தான். லைனஸின் வாயில் வார்த்தையாக மட்டும், இசையின்றி வந்தது, இங்கே இசையாக மட்டும், வார்த்தையின்றி வருகிறது. சார்லி பிரவுன் திரும்பிவந்து பார்க்கிறான். மடையன்தான், ஆனால் நல்ல மரமாகத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்று லூஸி சொல்கிறாள். மன்னிப்புக் கேட்பாரில்லை, மடையன் என்ற பட்டத்தைக்கூட யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எல்லாரும் வாழ்த்துச் சொல்கிறார்கள். பிறகுதான் வார்த்தைகளோடு பாட்டு. அவனும் பாடுகிறான். நீ இப்போது நம்புகிறாயா என்று அவனை யாரும் கேட்பதில்லை.

5

படம் வந்த அதே 1965-ல் ராபர்ட் ஷார்ட் என்ற பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர் 'பீனட்ஸ்' சித்திரங்களில் சுவிசேஷம் காணும் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். லட்சக்கணக்கில் விற்றது. இன்றைய பாடக்காரர்கள் எல்லாருக்கும் அவர் தகப்பன். ஷுல்ஸ் அதைத் தடுக்கவில்லை. சித்திரங்களைப் பயன்படுத்த அனுமதித்தார். ஆனால் தாம் அப்படி எழுதவில்லை. 1943-ல் தாயாரைப் புற்றுநோய்க்குக் கொடுத்துவிட்டு யுத்தத்துக்குப் போனவர் அவர். திரும்பிவந்து ஒரு சிறு சபையில் தீவிரமாக இருந்தார். பின்னால் ஞாயிறு பள்ளி நடத்தினார். 1980-களின் பிற்பகுதியில் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் தம்மை மதச்சார்பற்ற மனிதாபிமானி என்று சொல்லிக்கொள்ளும் இடத்துக்கு வந்தார். இதைப் பாடக்காரர்கள் சங்கடத்தோடு தாண்டிப் போகிறார்கள். சங்கடத்துக்கு அவசியமில்லை. போர்வையை மறுபடி எடுத்துக்கொள்ளும் பையனை வரையவைத்த மனம் அது. அந்த மனம் போன வழி எதுவானாலும் 1965-ல் அது படத்தில் விட்டுச்சென்றது கெடவில்லை.

அந்த நோஞ்சான் மரம் இப்போது பிளாஸ்டிக்கில் விற்கிறது. ஒற்றைச் சிவப்பு உருண்டையோடு, அடியில் சுற்ற ஒரு துண்டு நீலப் போர்வையும் சேர்த்து, பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். வியாபாரி படத்திலிருந்து எடுத்ததும், பாடக்காரர் எடுத்ததும், எடுத்த விதத்தில் ஒன்றுதான்: இருவரும் பொருளைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அது நிகழ்ந்த காலத்தை விட்டுவிட்டார்கள். போர்வை விழுவதற்கும் கொடுக்கப்படுவதற்கும் இடையே சில நிமிஷங்கள் இருக்கின்றன. அந்த நிமிஷங்களில் ஒரு பையன் தோற்கிறான். அதை உட்கார்ந்து பார்க்கவேண்டும். பார்ப்பதற்குப் பதிலாக வேறொன்று கிடையாது.

பாடம் தேடுகிறவர்மேல் எனக்குக் கோபமில்லை. முப்பது குழந்தைகளை ஒரு அறையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டவேண்டிய ஆசிரியையின் பிரச்னை எனக்குக் கிடையாது. அவளிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். படம் முடிந்ததும் பாடத்தை ஆரம்பிக்கும் முன், கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும். குழந்தைகளில் ஏதாவது ஒன்று, அவன் ஏன் போர்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டான் என்று கேட்கக்கூடும். அதற்குக் கையேட்டில் பதில் இருக்காது. கேட்ட குழந்தையை உட்காரச் சொல்லாமல் இருந்தால் சரி.